மீன் நிற்காத கரை

டென்மார்க்கில் மஸ்கி கிடையாது. இதை எனக்குச் சொன்ன மீன்பிடிச் சாமான் கடைக்காரர், நான் யானைக்குச் செருப்புக் கேட்டுவிட்டது போலச் சிரித்தார். சிரிக்கட்டும். அவர் தூண்டில் தடியைப் பிடித்திருந்த விதத்திலேயே, அந்த ஆள் கடைக்கு வெளியே மீன் பிடிப்பதில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

மஸ்கி என்பது நான் வாழும் ஒன்ராறியோ மாகாணத்து ஏரிகளின் வேட்டை மீன். நீண்ட உடம்பு, வாய் நிறையப் பல், மகா திமிர். வாரக்கணக்காக வீசினாலும் திரும்பிப் பார்க்காது. எனக்கு அதைப் பிடிக்கப் பழக்கிய கணவர் குளிருது, கை நோகுது என்று விட்டுவிட்டார். நான் விடவில்லை. டென்மார்க்கில் அதற்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி ஒரு மீன் இருக்கிறது, கெத்தே என்கிறார்கள். அதே உருவம், அதே குணம், திமிர் மட்டும் கொஞ்சம் குறைவு. கிடைத்ததை வைத்துச் சமாளிப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அங்கே போனது மீன் பிடிக்க இல்லை. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் டோஸ்ட்ருப்பில் இருக்கிற அக்கா பனியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அத்தானுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. சமைக்க, கழுவ, அக்காவைக் குளிக்க வார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கோடை முடிகிறவரை நிற்பதாகச் சொல்லி வந்தேன். விமான நிலையத்தில் என் பெட்டியைவிட நீளமான குழாயைப் பார்த்து அத்தான் கேட்டார்.

"இதுக்குள்ளை என்ன மச்சாள்?"

"தூண்டில்."

மனுசன் காரின் பின்னிருக்கையில் அதைப் பக்குவமாகக் கிடத்தினார். காரை எடுக்கமுன் தொலைபேசியை எடுத்து ஒருமுறை பார்த்தார்.

வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த வருடம் அது. அத்தானின் தம்பி அதற்குள் அகப்பட்டிருந்தார். தனி ஆள், கிளிநொச்சிப் பக்கம் குளத்தடியில் வயல் செய்தவர். தை மாதத்தில் யாருடையதோ தொலைபேசியில் எடுத்து, "அண்ணை, சனத்தோடை நடக்கிறம், பிறகு எடுக்கிறன்" என்றாராம். அதோடு சரி. அத்தான் தன் தொலைபேசியைச் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். குளிக்கப் போனாலும் கொண்டு போவார்.

வந்த புதிதில் நான் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வந்து குசினியில் வெட்டத் தொடங்கினேன். அறைக்குள் இருந்து அக்கா கத்தினாள்.

"எடியே, என்ன மணக்குது? இந்த வீட்டிலை மச்சம் காச்சிறேல்லை!"

"ஏன், என்ன வந்தது உங்களுக்கு?"

"அவர் நேர்த்தி வைச்சிருக்கிறார். தம்பியின்ரை குரல் கேக்குமட்டும் மீனோ இறைச்சியோ ஒரு மச்சமும் வாயிலை வைக்க மாட்டாராம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே குண்டு போடுகிறவனுக்கு, டோஸ்ட்ருப்பில் ஒருவர் பருப்பும் வாழைக்காயும் தின்றால் மனம் இரங்குமா? கடவுளுக்கு வேறு வேலை இல்லையா, அத்தானின் கோப்பையை எட்டிப் பார்க்க? நல்ல மீனைக் குப்பையில் போட்டேன். போட்டுவிட்டுக் குசினியைத் தேய்த்துக் கழுவினேன், முணுமுணுத்துக்கொண்டே. அந்த நேர்த்தியை நான் ஒரு சதத்துக்கும் மதிக்கவில்லை.

வீட்டில் மீன் காய்ச்ச முடியாது என்றால் பிடிக்கவும் கூடாது என்று சட்டம் இல்லையே. நான் மஸ்கியைப் பிடித்தாலும் திருப்பி விடுகிறவள்தான். எனவே இடம் தேடத் தொடங்கினேன். அங்கேதான் என் வாயில் அகப்பட்டார் சங்கத் தலைவர்.

அந்தப் பகுதித் தமிழருக்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானுக்குத் தைரியம் சொல்ல வருவார். வந்து சோபாவில் அமர்ந்தால் சோபா மட்டுமல்ல, வீடே அவருடையது. அவருக்குத் தெரியாத விசயம் உலகத்தில் கிடையாது. மீன் இருக்கிற இடமா? கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

"தங்கச்சி, நேரை இஷொய் துறைமுகத்துக்குப் போங்கோ. கெத்தே அங்கை துள்ளும். வாளி கொண்டு போகவேணும்."

போனேன். படகு, டீசல் மணம், கடற்பறவை, மடக்குக் கதிரையில் தூங்கும் கிழவர்கள். இரண்டு முறை போய்க் கால் விறைத்ததுதான் மிச்சம். மூன்றாம் முறை ஒரு கிழவரிடம் கேட்டேன். இங்கே கெத்தே பிடிபட்டு ஒருநாளும் காணவில்லை என்றார், என்மேல் இரக்கப்பட்டு. அடுத்த ஞாயிறு தலைவரிடம் சொன்னேன்.

"அப்ப நீங்கள் போன நேரம் பிழை," என்றார், தேநீரை உறிஞ்சிக்கொண்டே. அவர் கையில் நான் கண்ட ஒரே தடி ஒலிவாங்கி. அதே சோபாவில், அதே குரலில்தான் யுத்தத்தையும் விளக்குவார். "பெடியள் ஆமியை உள்ளுக்கை விட்டு அடிக்கப் போறாங்கள். எல்லாம் கணக்குப் பண்ணித்தான் நடக்குது. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." அத்தான் தலையை ஆட்டுவார். நான் தேநீர்க் கோப்பையை எடுக்கிற சாட்டில் எழும்பிப் போய்விடுவேன்.

கடைக்காரர் அனுப்பிய இடம் அதைவிடக் கேவலம். வளர்த்த மீனைக் குட்டைக்குள் கொட்டிவிட்டு, பிடிக்க வருகிறவனிடம் நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். கோழிக்கூட்டுக்குள் கையை விட்டுக் கோழி பிடித்துவிட்டு வேட்டைக்குப் போனேன் என்று சொல்கிற கூட்டம். படம் வேறு எடுக்கிறார்கள், மீனைக் கையை நீட்டிப் பிடித்து, பெரிதாகத் தெரியவேண்டும் என்று. சீ என்று போய்விட்டது எனக்கு. அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த நாட்டில் யாரையும் கேட்பதில்லை.

ஏப்ரலில் அங்கே கெத்தே பிடிக்கத் தடை. அது முட்டை இடும் காலம். எனக்கு அது வசதியாகப் போனது. கையில் தூண்டில் இல்லாமல் போனால்தான் கண் ஒழுங்காக வேலை செய்யும். அக்காவுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, அத்தானின் பழைய சைக்கிளில் சுற்றுவேன். நெடுஞ்சாலையை ஒட்டி, வீட்டுத் தொகுதிகளுக்கு நடுவே, ஏரிகள் கிடந்தன. கரை கரையாக நடந்தேன், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நாணல் எங்கே தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் எங்கே சட்டென்று கறுக்கிறது என்று பார்த்துக்கொண்டு. ஒரு மூலையில், சாலைக்குக் கீழால் வரும் வாய்க்கால் ஏரியில் விழுகிற இடத்தில், போன வருடத்து நாணலுக்குள் ஒரு மரக்கட்டை கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டை செவுளை அசைத்தது. அட கோதாரி, என்ன அழகு! ஒன்ராறியோவில் நிற்பது போல இருந்தது. அந்த இடத்தில் ஓர் ஈ காக்கை இல்லை.

ஊர் முழுக்க எங்கே நின்று மீன் பிடித்தது தெரியுமா? மறு கரையில். வெறும் கல், மணல், இருக்க ஒரு வாங்கு. களை இல்லை, ஆழம் இல்லை, கண்ணாடி போலத் தண்ணீர். ஆனால் பக்கத்தில் கார் நிறுத்துமிடம். இந்த மனிதர்களுக்கு மீன் எங்கே நிற்கும் என்பதைவிடக் கார் எங்கே நிற்கும் என்பதுதான் முக்கியம். காரைத் திறந்து கதிரையை எடு, தூண்டிலைப் போடு, பியரை உடை, வெறுங்கையோடு வீட்டுக்குப் போ, மீனே இல்லை என்று சொல்லு.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் வாய் சும்மா கிடக்கவில்லை. அக்கா தடியை ஊன்றி மேசைக்கு வந்திருந்தாள். அத்தான் சோற்றைப் பிசைந்தபடி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரசங்கம் செய்தேன்.

"விசர்ச் சனங்கள் அத்தான். எல்லாரும் அந்தக் கல்லுக்கரையிலை போய் நிக்குதுகள். கல்லும் மணலுமாக் கிடக்கிற இடத்திலை கெத்தே நிக்குமே? அதுக்கு ஒளிச்சு நிக்க ஓர் இடம் வேணும். ஒளிக்க இடமில்லாத வெளியிலை ஒரு உயிர் என்னத்துக்கு நிக்கப்போகுது?"

அக்கா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாட்களில் தொலைக்காட்சி காட்டியது முழுவதும் அதுதான், வெறும் மணல், கடற்கரை, ஒதுங்க ஒரு மரமில்லாத வெளியில் சனம். அத்தான் கோப்பையை எடுத்துக் கழுவிவைத்துவிட்டு, தொலைபேசியோடு அறைக்குள் போனார். நான் சொன்னதை அவர் கேட்டாரோ இல்லையோ என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கொப்பன்ஹேகனில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி ஊர்வலம் நடந்தபோது நானும் போனேன். தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போனவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். ஏதோ பேருந்து பிந்துகிறது என்று பார்க்கிற பார்வை. அவர்களைச் சபித்தபடி ரயிலில் திரும்பினேன். அத்தான் எதிரே இருந்தார், மடியில் தொலைபேசி.

மே பிறந்ததும் வாய்க்கால் மூலைக்குப் போனேன். நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன மாதிரியே கெத்தே நின்றது. பிடித்தேன், கொக்கியைக் கழற்றினேன், விட்டேன். இது ஊருக்குள் கதையாகிவிட்டது. பொம்பிளை தூண்டில் போடுறதோ என்று ஒரு கூட்டம், பிடித்த மீனைத் திருப்பி விடுவதோ என்று இன்னொரு கூட்டம். தலைவர் வீடு தேடி வந்து சொன்னார்.

"தங்கச்சி, கண்டறியாத வேலை பாக்கிறியள். அங்கை சனம் சாகுது. நீங்கள் இஞ்சை மீன் பிடிச்சு விளையாடுறியள் எண்டு ஆக்கள் கதைக்கினம்."

"நான் பிடிச்சது எல்லாம் உயிரோடை திரும்பிப் போச்சுது அண்ணை," என்றேன். "உங்கடை கதையை நம்பின ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு முதலிலை அதைச் சொல்லுங்கோ."

அக்கா உள்ளே இருந்து என் பெயரைச் சொல்லி அதட்டினாள். தலைவர் தேநீர் குடிக்காமல் போனது அன்று மட்டும்தான்.

பிறகு யுத்தம் முடிந்ததாக அறிவித்தார்கள். வென்றவர்கள் பட்டாசு கொளுத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தான் அன்றைக்கும் வேலைக்குப் போனார், திரும்பி வந்தார், பருப்புக்கறியோடு சாப்பிட்டார். தப்பிய சனத்தை அடைத்த முகாம்களில் இருந்து ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார்கள், வேறு வேறு வீடுகளுக்கு. எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ஆனியில் தலைவர் வந்தார். சோபாவில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

"ஒரு பெடியன் முகாமிலை இருந்து கதைச்சவனாம். உங்கடை தம்பியைக் கடைசி நாளிலை கண்ட ஆக்கள் இருக்கினமாம். முடிஞ்சுது அண்ணை. செய்யவேண்டியதைச் செய்யுங்கோ. ஆத்துமா அலையக்கூடாது."

"ஆர் கண்டது?" என்றேன்.

"கண்ட ஆக்கள் இருக்கினம்."

"அதுதான், ஆர்?"

"தங்கச்சி, உங்களுக்கு எல்லாத்துக்கும் வாய்."

எங்கள் சைவக்காரரிடம் எட்டுச் செலவு என்று ஒன்று உண்டு. செத்தவருக்கு எதெது விருப்பமோ அதையெல்லாம் காய்ச்சி வாழையிலையில் படைப்பது. மீன், இறைச்சி, எல்லாம் வரும். அந்தப் படையலோடுதான் துக்க வீட்டுக்குள் மச்சம் திரும்பும். அதைச் செய்தால் தம்பி செத்தது செத்ததுதான். குரலுக்குக் காத்திருந்த நேர்த்தியும் அதோடு செத்துப்போகும். அத்தான் கையில் இருந்த தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். கடைசியில் "ஓம்" என்றார். தலைவர் ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டார்.

சனி காலை அத்தான் குசினிக்கு வந்தார்.

"மச்சாள், தம்பிக்கு விரால் எண்டால் உயிர். குளத்திலை தானே பிடிச்சுக் கொண்டு வருவான். கடையிலை வாங்கின ஐஸ் மீனை அவனுக்கு வைக்க மனம் வரேல்லை. நீர் பிடிக்கிறனீர்தானே, எனக்கும் ஒருக்கால் காட்டித்தாரும். நான் பிடிச்சு வைக்கிறன்."

நான் தூண்டிலை எடுத்தேன். காரில் போகும்போது மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். யார் சொல்லி இந்த மனுசன் தம்பியைச் சாகக் கொடுக்கிறார்? துறைமுகத்தில் கெத்தே துள்ளும் என்ற வாய் சொல்லி. உள்ளே விட்டு அடிப்பார்கள் என்ற வாய் சொல்லி. அந்த ஆள் காட்டிய இடத்தில் ஒரு மீனைக்கூட நான் கண்டதில்லை. அவர் காட்டுகிற இடத்தில் ஒரு சாவு மட்டும் எப்படிச் சரியாகக் கிடக்கும்? நேர்த்தியை நான் மதிக்கவில்லைதான். ஆனால் அந்தத் தலைவருக்காக அது முறிவதை என்னால் தாங்க முடியவில்லை.

வாய்க்கால் மூலைக்குத் திரும்பும் பாதை வந்தது. அத்தான் வேகத்தைக் குறைத்தார்.

"நேரை போங்கோ," என்றேன். "கார் விடுற இடத்துக்கு."

அத்தானைக் கல்லுக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த நாட்டிலேயே இதைவிட மோசமான இடத்தை நான் பார்த்ததில்லை. தூண்டிலை எப்படிப் பிடிப்பது, எப்படி வீசுவது, எப்படி இழுப்பது என்று மட்டும் ஒழுங்காகக் காட்டினேன். அத்தான் வீசினார். கரண்டித் தூண்டில், மீனை ஏய்க்கும் அந்த உலோகத் தகடு, வெறும் மணலுக்கு மேலால் மின்னி மின்னி வந்தது, அடி தெரிகிற தண்ணீரில், ஒரு நிழல்கூடப் பின்னால் இல்லாமல். மீண்டும் வீசினார். நாயோடு வந்த ஒருவர் ஏதும் கடிக்கிறதா என்று கேட்டார். அத்தான் இல்லை என்று தலையசைத்தார். வெயில் ஏறியது. அவருடைய சட்டை முதுகில் ஒட்டியது. நான் வாங்கில் இருந்து, பொய் சொல்லுகிறவளின் அவசரத்தோடு, காற்று சரியில்லை என்றேன், வெயில் கூடிப்போச்சு என்றேன். இன்றைக்குப் படாது போல, போவோமா என்றேன்.

அத்தான் நூலைச் சுற்றி முடித்தார். தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"மச்சாள், கல்லுக்கரையிலை கெத்தே நிக்காது எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"ஓம்," என்றேன்.

"ஒளிக்க இடமில்லாத வெளியிலை ஒரு உயிர் நிக்காது எண்டனீர்."

"ஓம் அத்தான்."

அவர் முகத்தைப் புறங்கையால் துடைத்தார். அழுகிறாரோ, வியர்வையோ, தெரியவில்லை. பிறகு தடியைத் தோளுக்கு மேலே கொண்டு போனார்.

"அப்ப இஞ்சையே நிப்பம்," என்று சொல்லிவிட்டு மறுபடி வீசினார்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தோம். தலைவர் வாழையிலைக் கட்டோடு வந்து சோபாவில் இருந்தார்.

"மீன் படேல்லை," என்றார் அத்தான்.

"அதுக்கென்ன, கடையிலை வாங்குவம்."

"இல்லை. நான் பிடிச்சுத்தான் வைக்கவேணும். பட்ட பிறகு செய்வம்."

அத்தான் ஒருவருக்கு எதிராக வாய் திறந்து நான் கண்டது அதுதான் முதல். தலைவர் என்னை முறைத்தார். நான் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், சீனி போடாமல்.

கோடை முடிய நான் கனடாவுக்குத் திரும்பினேன். தூண்டிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அக்கா தொலைபேசியில் சொல்லுவாள், அத்தான் ஞாயிறு தவறாமல் ஏரிக்குப் போகிறார், வெறுங்கையோடு வருகிறார் என்று. தம்பியின் குரல் வரவில்லை. வீட்டில் மச்சம் காய்ச்சுவதுமில்லை. சங்கத்தில் சிரிக்கிறார்களாம், இத்தனை வருடமாக ஒரு மீன் பிடிக்கத் தெரியாத மனுசன் என்று. நான் அப்பவே துறைமுகத்துக்குப் போகச் சொன்னனான் என்று தலைவர் இப்போதும் சொல்லித் திரிகிறாராம். சொல்லட்டும். மீனையும் தெரியாது, மனுசனையும் தெரியாது, கதைக்க மட்டும் தெரிந்த சனம்.

போன கோடையில் அக்காவைப் பார்க்கப் போனபோது அத்தானோடு கல்லுக்கரைக்குப் போனேன். தலை நரைத்துவிட்டது, ஆனால் என்னைவிட நன்றாக வீசினார். கரண்டி கரைக்கு வந்ததும் என் கை பழக்கத்தில் அதைத் தூக்கிப் பார்த்தது. அதில் கொக்கி இல்லை.

"அத்தான், கொக்கி எங்கை?"

"ஒருநாள் ஒண்டு பின்னாலை வந்தது மச்சாள்," என்றார். "பெரிசு. கரைமட்டும் வந்தது. நான் பயந்துபோனன். அண்டைக்கே கழட்டிப்போட்டன்."

மீன்பிடி விசயத்தில் யார் பிழையாகச் செய்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவள் நான். கரண்டியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்ல இடம் அத்தான்," என்றேன்.